யாருக்குப் பட்ட கடன்?

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒருவர் காலமாகிவிட்டால், அடக்க ஆராதனையின் நடுவே யாராவது ஒருவர் எழுந்து நின்று இறந்தவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார். பிறந்த ஊர், ஞானஸ்நானம் கொடுத்த குருவானவர், கலியாணம் நடந்த வருஷம், பிள்ளைகள் எத்தனை, பேரப்பிள்ளைகள் எத்தனை என்று அது போகும். அதற்குள் வெயில் ஏறிவிடும். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர்கள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வேப்பமர நிழலில் காத்திருப்பார்கள். ஆகையால் குறிப்பு ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

2004-ஆம் வருஷம் என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், எண்பத்தாறாவது வயதில் இறந்தபோது அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "கதை எழுதுறவன் நீ இருக்கும்போது வேற யாரு எழுதணும்?" என்றார் மாமா. கதை எழுதுகிறவனுக்கு உண்மை எழுத வரும் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. முற்றத்தில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளறையில் அரிசிப் பெட்டிமேல் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுதினேன். அரை மணியில் முடிந்துவிட்டது. பேரப்பிள்ளைகளின் மேல் உயிரையே வைத்திருந்த தாத்தா. இரண்டாவது உலக யுத்தத்தில் பணி புரிந்த படைவீரர். சபையின் உண்மையுள்ள அங்கத்தினர். இந்த மூன்று வரிகளைச் சுற்றித்தான் மற்றவையெல்லாம்.

மூன்றும் உண்மை. சபையார் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நன்றாக எழுதியிருந்ததாகப் பிற்பாடு பலர் சொன்னார்கள். ஆனால் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட கணத்திலிருந்து இன்றுவரை, இந்த இருபது வருஷத்துக்கு மேலாக, தாத்தாவுக்கு நான் ஏதோ குறைத்துவிட்டேன் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் மிகைப்படுத்துகிறோம் என்றுதான் எல்லாரும் குறைப்படுகிறார்கள். என் குறை வேறு.

தாத்தாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருச்செந்தூருக்கு மேற்கே, சிவப்பு மணல் தேரி ஓரத்தில் உள்ள ஒரு சிற்றூர் அவருடையது. தகப்பனார் பனையேறி. வீட்டில் ஏழு பேர். 1940-இல், இருபத்திரண்டு வயதில், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். தேச பக்தியும் இல்லை, ராஜ பக்தியும் இல்லை. அந்த யுத்தத்தில் சேர்ந்த இந்தியர்கள் ஏறக்குறைய இருபத்தைந்து லட்சம் பேர். சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று சரித்திரக்காரர்கள் பெருமையாக எழுதுவார்கள். வயிறு கட்டாயப்படுத்தியதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. போனவர்களில் 87,000 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. தாத்தாவுக்கு மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற பிரிவில் லாரி டிரைவராகப் போட்டார்கள். துப்பாக்கி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அதை ஒரு தடவைகூட மனிதனை நோக்கிச் சுட்டதில்லை என்பார். தெருப் பையன்கள், "எத்தனை ஜப்பான்காரனைச் சுட்டீங்க தாத்தா?" என்று கேட்டால், "நான் சோறு கொண்டு போனவன்லே" என்று சொல்லி முடித்துவிடுவார். பையன்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பர்மா ஸ்டார் என்ற வெண்கல நட்சத்திரம் ஒன்று ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டைகளோடு கிடந்தது. அதை அவர் அணிந்து நான் பார்த்ததில்லை.

1946-இல் திரும்பி வந்து, கலியாணம் செய்துகொண்டு, ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவர் ஆனார். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். கை காட்டினால் நிற்கும் பஸ் என்று அந்தப் பக்கத்தில் அவருடைய வண்டிக்குப் பெயர். நிறுத்தம், நிறுத்தம் இல்லாத இடம் என்ற பேதமே அவருக்குக் கிடையாது. தேரிக்காட்டு நடுவில் ஒரு கிழவி கருப்பட்டிச் சிப்பத்தோடு நின்றாலும் வண்டி நிற்கும். அவள் கையில் காசு இல்லை என்றால் டிரைவர் தம் பையிலிருந்து கண்டக்டருக்குக் கொடுப்பார். நேரம் தவறியதற்காகக் கம்பெனியில் எத்தனையோ தடவை அபராதம் போட்டார்கள். ஒரு தடவை பதினைந்து நாள் வேலையிலிருந்து நிறுத்தியே வைத்தார்கள். திரும்பிப் போன அன்றைக்கே நடுக்காட்டில் யாருக்கோ வண்டியை நிறுத்தினார். ஆச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கைக்குழந்தையோடு ஒருத்தி ஏற வந்தால், இவர் தம் இருக்கையிலிருந்தபடியே ஜன்னல் வழியாக இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை முதலில் வாங்கிக்கொள்வார். அவள் சுற்றிவந்து படியேறி உட்கார்ந்த பிறகுதான் குழந்தை அவளிடம் போகும். அதுவரை அது டிரைவர் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருக்கும். எத்தனை அவசரமானாலும் இது மாறாது. ஏழு வயதில் நான் முன் இருக்கையில் உட்கார்ந்து இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். என் தாத்தாவின் மடியில் வேறு பிள்ளையா?

எங்களிடம் அவர் காட்டிய அன்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயதில் டைபாய்டு வந்து நாசரேத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பதினொரு இரவும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில்தான் படுத்திருந்தார். படுத்திருந்தார் என்பது பேச்சுக்குத்தான். எப்போது கண் விழித்தாலும் அவர் உட்கார்ந்துகொண்டிருப்பார். என் கை அவர் கையில் இருக்கும். வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருப்பார். "விடுங்க தாத்தா" என்றால் சற்றுத் தளர்த்துவார், விடமாட்டார்.

கோயில் விஷயத்தில் அவரைப்போல் ஒழுங்கானவரைக் காண்பது அரிது. முதல் மணி அடிக்கும்போதே வந்துவிடுவார். ஆண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் வாசல் ஓரம் அவருடைய இடம். சங்கக் காணிக்கை பாக்கி வைத்ததில்லை. அசனப் பண்டிகையில் ஊரே பந்தியில் உட்காரும்போது இவர் அடுப்பங்கரையில் விறகு தள்ளிக்கொண்டிருப்பார்; கடைசிப் பந்தியில் சாப்பிடுவார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானதிலிருந்து, 2003-இல் திருநெல்வேலித் திருமண்டலம் பிரிந்து தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் உண்டானது வரை எத்தனையோ கட்சிச் சண்டைகளைச் சபை பார்த்துவிட்டது. அவர் ஒன்றிலும் சேரவில்லை. தேர்தல் சமயத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் அவர் வீட்டுத் திண்ணையில் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் திருவிருந்து நாளில் எல்லாரும் எழுந்து பீடத்தண்டை போகும்போது அவர் போகமாட்டார். கடைசி வரிசையில் முழங்காலில் நின்றபடியே இருப்பார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, ஐம்பத்தெட்டு வருஷம். சபையார் இதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். "மனுஷனுக்கு அவ்வளவு தாழ்மை" என்பது பெரும்பாலோர் அபிப்பிராயம். பட்டாளத்தில் பழகிய சாராயத்தை ஒளிவாகக் குடிக்கிறார் என்று ஒருவர் கண்டுபிடித்திருந்தார். அந்தக் கண்டுபிடிப்புக்காரர் தாமே குடிப்பவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1998-இல் ஆச்சி இறந்தாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் மின்சாரம் நின்றுவிட்டது. திண்ணையில் இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் பேச ஆரம்பித்தார்.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கப்பல் துறையிலும், அரிசி ஆலையிலும், லேவாதேவிக் கடையிலும் பிழைத்துக்கொண்டிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இந்தியாவை நோக்கி நடந்தார்கள். சுமார் ஐந்து லட்சம் பேர் என்பார்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் ஒரியாக்காரர்களும் வங்காளிகளும். காலராவிலும் பசியிலும் வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம். யாரும் எண்ணி வைக்கவில்லை. வெள்ளைக்காரருக்கு ஒரு வழி, மற்றவருக்கு ஒரு வழி என்று நடத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. அதே சமயத்தில் ஜெனரல் ஸ்லிம்மின் படையும் பின்வாங்கி, சிந்துவின் நதியைத் தாண்டி, தமு வழியாக இம்பாலுக்கு வந்துகொண்டிருந்தது. தமுவுக்கும் பலேலுக்கும் இடையில் ஒரு மலை. அதன்மேல் அவசரம் அவசரமாக வெட்டிய பாதை ஒன்று. மே மாதம், மழை தொடங்கும் சமயம். அந்தப் பாதையில் காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வந்த லாரிகளில் ஒன்றைத் தாத்தா ஓட்டினார்.

மலையில் எங்கும் நிறுத்தக் கூடாது, சிப்பாய் அல்லாத ஒருவரையும் ஏற்றக் கூடாது என்பது அவருக்குக் கொடுத்திருந்த உத்தரவு. நிறுத்தினால் நூறு பேர் தொத்துவார்கள். ஒரு லாரி நின்றால் பின்னால் வரும் அத்தனையும் நிற்கும். நின்ற வரிசையை ஆகாயத்திலிருந்து பார்த்தால் போதும். உத்தரவில் தவறு கண்டுபிடிக்க முடியாது. நான் பல வருஷம் முயன்று பார்த்திருக்கிறேன்.

"ஒரு வளைவு. வண்டி நடக்குற வேகத்துலதான் ஏறும். நான் பக்கத்துல இருந்தவன்கிட்ட தமிழ்ல பேசிட்டு இருந்தேன். அது காதுல விழுந்திருக்கும்போல. ஒரு பெரியவர் கூட்டத்தை விட்டு ஓடி வந்தாரு. கையில ஒரு பிள்ளை. 'தம்பி, என்னை விட்டுருப்பா. பேரப்பிள்ளைய மட்டும் வாங்கிக்கோ'ன்னு ஜன்னல்கிட்டத் தூக்கிக் காட்டினாரு. வண்டியோடயே வந்தாரு. ஒரு இருபது எட்டு இருக்கும். பிள்ளையோட கால் என் கையில பட்டுது, இந்த இடத்துல."

இருட்டில் அவர் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கேட்டேன். வலது முழங்கைக்குச் சற்று மேலே.

"ஒரு கையை ஸ்டியரிங்கை விட்டு எடுத்திருந்தாப் போதும். நிறுத்தக்கூட வேண்டாம். பிள்ளை என்ன கனம் இருக்கும்? நான் நேரே பாதையைப் பாத்துட்டு ஓட்டினேன். வளைவு முடிஞ்சதும் வண்டி வேகம் எடுத்துட்டுது."

மறுநாள் காலி வண்டியோடு அதே வழியாகத் திரும்பிப் போயிருக்கிறார். வளைவில் யாரும் இல்லை. "செத்துக் கிடந்தாங்கன்னா ஒரு முடிவாப் போயிருக்கும். இல்லாமப் போனதுதான்" என்றார். வேறொரு லாரிக்காரன் ஏற்றிக்கொண்டிருக்கலாம். நடந்தே பலேல் வந்து சேர்ந்திருக்கலாம். பள்ளத்தில் விழுந்திருக்கலாம். அந்தப் பிள்ளை பிழைத்திருந்தால் 1998-இல் அதற்கு அறுபது வயதுக்குச் சற்று முன்பின் இருக்கும். தாத்தா அதையும் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். 1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தபோது, அவர்களைக் குடியமர்த்தியிருந்த இடங்களுக்கெல்லாம் இவர் விடுமுறை நாட்களில் கருப்பட்டியை வாங்கிக்கொண்டு போய்ப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவாராம். பட்டாளத்துப் பழக்கம், பர்மாப் பேச்சில் ஆசை என்று ஆச்சி நினைத்தாள். யாரைத் தேடுகிறோம் என்று அவரால் அவர்களிடம் கேட்கவும் முடியாது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. என்ன சொல்லிக் கேட்பது?

திருவிருந்து எடுக்காததன் காரணத்தையும் அன்றுதான் சொன்னார். மலைப் பிரசங்கத்தில் ஓர் இடம் உண்டு. காணிக்கையோடு பீடத்தண்டை வந்தவனுக்குத் தன்மேல் சகோதரனுக்குக் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகிவிட்டு வரவேண்டும் என்ற கருத்துள்ள இடம். பட்டாளத்திலிருந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதுதான் வாசிக்கப்பட்டதாம். எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். சில வருஷங்களுக்கு முன் புதிதாக வந்த இளம் குருவானவர் ஒருவரிடம் மட்டும் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் நல்ல மனுஷர், படித்தவர். அந்த வசனம் தேடிப் போய்ச் சந்திக்கக் கூடிய சகோதரனைப் பற்றியது, கர்த்தர் உங்களை எப்போதோ மன்னித்துவிட்டார் என்று கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். "கர்த்தர் மன்னிப்பாருய்யா, அதுல எனக்குச் சந்தேகமில்ல. அந்தப் பெரியவரு மன்னிக்கணுமே" என்று தாத்தா பதில் சொன்னாராம். குருவானவர் அதன்பின் வற்புறுத்தவில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது என்ன என்பதை மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. "என்ன அருமையான கதை!" என்று தோன்றியது. எண்பது வயதுக் கிழவர் ஐம்பத்தாறு வருஷம் சுமந்ததை இருட்டில் இறக்கி வைக்கிறார். பக்கத்தில் இருக்கும் பேரன் அதற்கு எந்த அத்தியாயம் பொருந்தும் என்று யோசிக்கிறான். எழுத்துத் தொழிலின் சாபம் இது. அந்த ஒரு கணத்துக்குத் தண்டனையாகத்தான் இதை நான் நாவலாக்கவில்லை.

இரண்டாவதாகத் தோன்றியது அதைவிடச் சின்னத்தனம். எனக்கு வருத்தமாக இருந்தது, எனக்காக. பதினொரு இரவு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாரே, அது என் கைதானா? பஸ் ஜன்னலில் அவர் வாங்கிய குழந்தைகளெல்லாம் ஒரே குழந்தைதானா? நாங்கள் ஒன்பது பேரப்பிள்ளைகளும் அந்த வளைவில் நின்றவருக்குச் சேரவேண்டிய வட்டியைத்தான் வாங்கித் தின்றோமா?

கடனாகக் கொடுக்கும் அன்பு அன்பாகுமா? இந்தக் கேள்வி எனக்கு வெறும் தர்க்கமாக இருக்கவில்லை. என் குழந்தைப் பருவம் முழுவதும் அதன்மேல் நின்றது. பிராயச்சித்தமாகச் செய்யும் தர்மத்தைப் பற்றி நமக்கு எப்போதுமே ஓர் இளக்காரம் உண்டு. கள்ள மார்க்கெட் வியாபாரி கோயிலுக்கு வெள்ளிக் கவசம் செய்து வைத்தால் நாம் சிரிக்கிறோம்; சிரிக்க நியாயமும் உண்டு. அவன் கொடுத்துத் தீர்த்துக்கொள்கிறான். ஆனால் தாத்தா எதையும் தீர்த்துக்கொள்ளவில்லையே! ஒருவருக்குப் பட்ட கடனை இன்னொருவருக்குக் கொடுத்தால் அது அடையாது என்பது அவருக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் அவர் பீடத்தண்டை போகவில்லை. ஆயிரம் தடவை வண்டியை நிறுத்தியாயிற்று, கணக்கு நேராகிவிட்டது என்று ஒரு நாளும் அவர் எழுந்து போகவில்லையே! அப்படியானால் அவர் எங்களுக்குக் கொடுத்தது கடனுக்குக் கொடுத்தது ஆகாது. அடையாது என்று தெரிந்துகொண்டே கொடுத்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைப் பெற்றுக்கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும்: டைபாய்டில் கிடந்த ஒன்பது வயதுப் பையனுக்கு அந்தப் பிடி போதுமானதாக இருந்தது.

அவர் செய்தது குற்றம்தானா என்ற கேள்வியைச் சிலர் கேட்பார்கள். நண்பர் ஒருவர், வக்கீல், இதைக் கேட்டுவிட்டு, "உத்தரவு இருந்தது, வேறு வழி இல்லை, இதில் குற்றம் எங்கே வந்தது?" என்றார். அவர் கட்சி பலமானது. அந்த லாரியில் காயம்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களும் பெற்ற பிள்ளைகள்தான். உத்தரவு கொடுத்த அதிகாரி சரி, கீழ்ப்படிந்த டிரைவர் சரி, குழந்தையைத் தூக்கிக் காட்டிய பெரியவர் எல்லாரையும்விடச் சரி. எல்லாரும் சரியாக நடந்துகொண்ட இடத்தில் ஒரு பிள்ளை பாதையில் நின்றுவிட்டது. நியாய சாஸ்திரம் டிரைவரை விடுதலை செய்யலாம். ஆனால் அந்த விடுதலையைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஒரு மனிதனின் மடியில் என் குழந்தையை உட்காரவைக்க நான் யோசிப்பேன். வக்கீல் நண்பர் சிரித்துவிட்டு, "அப்படியானால் நிரபராதிதான் வருந்த வேண்டும் என்கிறாயா?" என்று கேட்டார். ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. காப்பி வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது.

2012-இல் ஓர் இலக்கியக் கூட்டத்துக்காகக் கௌஹாத்தி வரை போனவன், விடாமல் கோஹிமாவுக்கும் போனேன். 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே நடந்த சண்டையில் தாத்தாவும் திமாப்பூர்ப் பாதையில் லாரி ஓட்டினார். டெப்டி கமிஷனருடைய டென்னிஸ் மைதானத்தில் இரு தரப்பாரும் எதிரெதிரே பதுங்கிக் கிடந்து சண்டை போட்டார்கள். இப்போது அங்கே கல்லறைத் தோட்டம். மைதானத்தின் கோடுகளைக்கூட அடையாளம் வைத்திருக்கிறார்கள். 1,420 கல்லறைகள். தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 917 பேரின் பெயர்கள் தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொரு கல்லையும் கழுவி வைத்திருந்தார்கள். பார்க்க மனம் நிறைந்தது. பிறகு இம்பாலுக்கு வந்து, பலேல் வழியாக மலை ஏறி இறங்கி மோரே வரை போனேன். பர்மா எல்லையில் உள்ள ஊர் அது. 1960-களில் இந்தியாவுக்குத் திரும்பியும் மனம் நிலைக்காமல் மறுபடி பர்மாவுக்கே போகப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு நின்றுவிட்ட தமிழர்கள் அங்கே குடியேறி, அங்காள பரமேஸ்வரிக்கு ஒரு கோயிலும் கட்டியிருக்கிறார்கள். தமிழில் டீ கேட்டு வாங்கிக் குடித்தேன். தாத்தாவுக்கு இந்த ஊர் தெரிந்திருந்தால் மாதம் ஒரு தடவை கருப்பட்டியோடு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மலைப் பாதையில் எத்தனையோ வளைவுகள். எது என்று எனக்கு எப்படித் தெரியும்? 1942-இல் நடந்து வந்து ஓரத்தில் விழுந்தவர்களுக்கு ஒரு கல்லாவது இருக்கிறதா என்று வண்டியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே வந்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. சிப்பாயாகச் செத்தவனுக்குக் கல்லில் பெயர் உண்டு. அகதியாகச் செத்தவனுக்கு ஒரு பஸ் டிரைவருடைய முழங்கைதான் ஞாபகச் சின்னமாக இருந்தது. அதையும் 2004-இல் புதைத்துவிட்டோம். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத ஒரு குறிப்பை நான் வாசித்து.

அன்று ஏன் எழுதவில்லை என்று கேட்டால் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அது அவருடைய ரகசியம். எனக்குச் சொன்னாரே தவிர ஊருக்குச் சொல்லச் சொல்லவில்லை. மாமாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது என்று நினைத்தேன். சவப்பெட்டிக்கு முன்னால் எழுந்து நின்று, இவர் ஒரு குழந்தையை விட்டுவிட்டு வந்தவர் என்று சொல்ல எந்தப் பேரனுக்கு நா எழும்? இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் அதை விட்டதனால் என்ன ஆயிற்று? கை காட்டினால் நிற்கும் பஸ் ஓர் இளகிய மனசுக்காரருடைய சுபாவமாகிவிட்டது. கடைசி வரிசை தாழ்மையாகிவிட்டது. சிலர் பிறவியிலேயே நல்லவர்கள், அவர்களுக்கு அது சுலபம் என்று சபையார் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் பிரேக்கை மிதிக்கும்போது அந்த மனிதர் எந்த மலையில் இருந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருடைய குற்றத்தை மறைத்து அவருக்கு மரியாதை செய்ததாக நினைத்தேன். மறைத்ததில் அவருடைய நன்மையின் எடைதான் போய்விட்டது. நான் அவரைப் புகழ்ந்தது போதவில்லை.

இந்தப் பக்கங்களைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது எண்பதுக்கு அருகில் வயது. கண் சரியாகத் தெரிவதில்லை. வேண்டாம் என்றால் கிழித்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். முழுவதையும் கேட்டாள். அழவில்லை. அப்பா தூக்கத்தில் சில நாள் வலது கையை வெளியே நீட்டிக்கொண்டு முனகுவார், அம்மா எழுந்து அந்தக் கையைப் பிடித்து உள்ளே வைப்பாள், ஏன் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று என்றாள். பிறகு வெகு நேரம் பேசவில்லை. நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பிள்ளை ஆணா, பொண்ணா?" என்று கேட்டாள்.

தாத்தா சொல்லவில்லை. பிள்ளை என்றுதான் சொன்னார். முழங்கையில் எந்த இடம் என்று மறுநாள் ஞாபகமாகக் கேட்ட நான், இதைக் கேட்கவில்லை.